இயற்கணிதம் பயிலத் தக்க பருவம் எது?

தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் ஒருவன் கணிதத்தைப் பற்றி எழுதப் புகுந்தான் என்றறிந்த நண்பர் சிலர் நகைத்தனர். அவர் நகைத்தது நியாயமே. பத்தாம் வகுப்போடு கணிதத்திற்கு விடைகொடுத்தவன் யான். எனினும், சென்ற ஆண்டில் யான் செய்த பிழை ஒன்று இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. அது என் ஒருவனுக்கே உரிய பிழையன்று. பிள்ளைகளை எடைபோடும் பலரும் எளிதிற் செய்யக்கூடியது. ஆகலின் நம் மலரைப் படிக்கும் அன்பர்களுள் ஆசிரியராய் இருப்போர்க்கும், ஆசிரியராகப் போவோர்க்கும் அதனை உள்ளவாறு உரைக்கின்றேன்.

விடுதி மாணாக்கர் சிலர் ஞாயிறுதோறும் மாலையில் அருகிலுள்ள ஊரொன்றிற்குச் சென்று சிறுவர்க்குப் பாடஞ் சொல்லி வருகின்றோம். அங்கு வரும் பிள்ளைகளுள் ஓர் அண்ணனும் தங்கையும் உளர். அண்ணன் நோயுற்று ஓராண்டு பள்ளிக்குச் செல்லாமையால் இருவரும் ஏழாம் வகுப்பிலேயே படித்தனர். அவர்தம் தாய் சந்தையிற் காய்கறி விற்பவர். ஒருநாள் அவர் என்னைத் தனியே அழைத்து, "எட்டாம் வகுப்பில் உதவித்தொகைத் தேர்வு இருக்கிறதாம், தம்பி. அதற்குள் எழுத்தைப் போட்டுச் செய்கிற கணக்கு நன்றாக வரவேண்டுமாம். தனி வகுப்புக்கு மாதம் ஐந்நூறு கேட்கிறார்கள். ஒரு பிள்ளைக்குத்தான் என்னால் கட்ட முடியும். அந்தக் கணக்கு யாருக்கு ஏறும் என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

அவர் குறித்த தேர்வு, வருவாய் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்காக மத்திய அரசினர் 2008-ஆம் ஆண்டிலே தொடங்கிய உதவித்தொகைக்கு உரியது. அதில் தேறுவோர்க்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டிற்கு 12,000 ரூபாய் கிடைக்கும். தட்டுத் தராசொன்றை நம்பிப் பிழைக்கும் குடும்பத்திற்கு இது சிறுதொகை அன்று.

யான் சிறிதும் தயங்கிற்றிலேன். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், பின்னம் ஆகியவற்றில் 20 கணக்குகளை எழுதி இருவர்க்கும் கொடுத்து, 40 நிமிடம் வரையறுத்தேன். அண்ணன் 25 நிமிடத்தில் இருபதையும் முடித்தான். 18 சரியாக இருந்தன. தங்கை மணி அடிக்கும்போது பதினொன்றாம் கணக்கில் இருந்தாள். அன்று மாலையே தாயிடம், "பையனுக்குக் கட்டுங்கள், அம்மா" என்று தீர்ப்பளித்துவிட்டு வந்தேன்.

இரவு உணவின்போது இதனைப் பெருமையோடு சொன்னேன். எதிரே அமர்ந்திருந்த கணித வகுப்பு நண்பர், "நீர் அவர்களுடைய எண்கணிதத்தின் வேகத்தை அளந்தீர், இயற்கணிதத்திற்கு உரிய பக்குவத்தை அளந்தீரில்லை" என்றார். இரண்டும் வேறா என்று வினவினேன். அவர் என் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதினார்: 8 + 4 = □ + 5. "கட்டத்திற்குள் எவ்வெண் வரும் என்று இருவரையும் கேளும். விடையைவிட, அவ்விடை வந்த வழியைக் கேளும்" என்றார்.

அடுத்த ஞாயிறு கேட்டேன். அண்ணன் கணப்பொழுதில் 12 என்றான். காரணம் கேட்டபோது, "எட்டும் நாலும் பன்னிரண்டுதானே, அண்ணா?" என்று என்னையே வினவினான். அருகில் நிற்கும் 5 எதற்கு என்றேன். "அது அடுத்த கணக்கு" என்றான். தங்கை சிறிது நேரம் வரியைப் பார்த்திருந்து 7 என்றாள். அவள் கூட்டிக் கழித்து அவ்விடையை அடைந்தாளில்லை. "நாலைவிட ஐந்து ஒன்று கூட. அப்படியானால் கட்டத்தில் எட்டைவிட ஒன்று குறைய வேண்டும்" என்றாள். அப்பொழுதுதான் யான் போன வாரம் கொடுத்த தீர்ப்பு என் நெஞ்சை உறுத்தத் தொடங்கிற்று.

இவ்வினா பெயர்பெற்ற ஒன்று என்பதைப் பின்னர் அறிந்தேன். அமெரிக்க நாட்டில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 145 பேரிடம் இதனைக் கேட்டபோது ஒருவரேனும் 7 என்றாரில்லை. அனைவரும் 12 என்றோ 17 என்றோ கூறினர் என 1999-இல் வெளிவந்த ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்று தெரிவிக்கின்றது. 17 என்றவர் கண்ணிற்பட்ட எண்களையெல்லாம் கூட்டியவர். ஆகவே அண்ணன் அறிவிற் குறைந்தவன் அல்லன், பெரும்பான்மையோரில் ஒருவன். அவனுக்குச் சமக்குறி என்பது 'இனி விடையை எழுது' என்னும் ஏவல். 7 = 3 + 4 என்று எழுதிக் காட்டியபோதும், தலைகீழாக எழுதிவிட்டேன் என்று என்னைத் திருத்த முற்பட்டான்.

இக்குறியை 1557-ஆம் ஆண்டில் முதன்முதல் அச்சிலேற்றியவர் வேல்ஸ் நாட்டவராகிய இராபர்ட் ரெக்கார்டு என்பவர். ஒரே நீளமுடைய இரு இணைகோடுகளைவிடச் சமமாக வேறெவ்விரு பொருளும் இருத்தலியலாது என்பதே அவ்வடிவினைத் தேர்ந்ததற்கு அவர் கூறிய காரணம். இருபுறமும் ஒரே மதிப்பு என்பதன்றி, இடப்புறம் வினா, வலப்புறம் விடை என்ற எண்ணம் அதில் இல்லை. எண்கணித வகுப்புகளில் ஆறு ஆண்டுகள் 'வினா = விடை' என்னும் வடிவத்தையே காணும் பிள்ளை அக்குறியை ஏவலாகக் கொள்வது வியப்பன்று.

தமிழ் மாணாக்கனாகிய எனக்கு இங்கு வேறொரு காரணமும் தோன்றுகின்றது. நாம் இக்குறியை எவ்வாறு வாசிக்கின்றோம்? 'எட்டும் நான்கும் பன்னிரண்டு ஆகும்' என்கின்றோம். ஆதல் என்பது மாற்றத்தையும் உணர்த்தும் வினை. பால் தயிராகும், தயிர் பாலாகாது. 'ஆகும்' என்று கேட்டுப் பழகிய செவி, எட்டும் நான்கும் உருகிப் பன்னிரண்டாய் உறைந்துவிட்டதாகவே கொள்ளும்; அதற்கு அப்பால் ஒரு + 5 நிற்பதற்கு இடமில்லை. 'எட்டும் நான்கும் சேர்ந்ததும், ஏழும் ஐந்தும் சேர்ந்ததும் சமம்' என்று வாசிப்பின் இவ்விடர் பெரிதும் ஒழியும். இது என் துணிபேயன்றி, ஆராய்ந்து நிறுவியதன்று.

இயற்கணிதத்தின் முதற்பாடமாகிய சமன்பாடு முழுதும் இக்குறியின்மீது நிற்பது. 2x + 3 = x + 9 என்பதில் இருபுறமும் x நிற்கின்றது. விடையெழுதும் இடமென ஒன்றில்லை. சமக்குறியை ஏவலாகக் கொண்ட பிள்ளை இங்கே என் செய்வான்? இருபுறமிருந்தும் ஒரே அளவை நீக்கலாம் என்பதும் அவனுக்கு ஆசிரியர் சொன்ன மந்திரமாகவே இருக்கும். 'அந்தப் பக்கம் கொண்டுபோனால் குறி மாறும்' என்று உருப்போடுவான். யான் பத்தாம் வகுப்பு வரை அவ்வாறே உருப்போட்டேன். நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன்.

அடுத்து நண்பர் சொற்படி பின்னத்தைச் சோதித்தேன். பின்னங்களைக் கூட்டும் விதி அண்ணனுக்கு மனப்பாடம். தங்கைக்கு அது தடுமாற்றம். ஆனால், "ஓர் எண்ணின் மூன்றில் இரண்டு பங்கு 12, அவ்வெண் யாது?" என்று கேட்டபோது, அண்ணன் 12-ஐ மூன்றில் இரண்டாற் பெருக்கி 8 என்றான். பங்கைவிட முழுமை சிறியதாக இருக்கின்றதே என்பது அவனுக்குத் தோன்றவில்லை. தங்கை தரையில் மூன்று கட்டங்களை வரைந்து, இரண்டிற்குள் ஆறு ஆறாக எழுதி, மூன்றாவதிலும் ஆறெழுதிப் பதினெட்டு என்றாள். எழுத்து ஒன்றும் இன்றியே ஒரு சமன்பாட்டை அவள் தீர்த்துவிட்டாள்.

பின்ன அறிவு இத்துணை முதன்மை பெறுவது ஏன் என்று கேட்கலாம். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் அமைத்த கணிதக் கல்வி ஆலோசனைக் குழு 2008-இல் அளித்த அறிக்கை, இயற்கணிதத்திற்கு வேண்டிய அடித்தளங்களுள் பின்னமே பெரிதும் வலுவற்றுக் கிடக்கின்றது என்று குறை கூறிற்று. 2012-இல் வெளிவந்த வேறோர் ஆராய்ச்சி, அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பத்துப் பன்னிரண்டு வயதிற் பின்னமும் வகுத்தலும் நன்கறிந்த பிள்ளைகளே உயர்நிலைப் பள்ளியில் இயற்கணிதத்திற் சிறந்தனர் என்று காட்டிற்று. குடும்ப வருவாய், பொது நுண்ணறிவு முதலியவற்றைக் கழித்துப் பார்த்த பின்னும் அத்தொடர்பு நிலைத்தது. பின்னத்தைப் பயிலும்போதுதான் பிள்ளை முதன்முதலாக, விரல்விட்டு எண்ண முடியாத ஒன்றையும் எண்ணென ஏற்கின்றான்.

நம் முன்னோர் இதில் ஒருவாறு நல்வாய்ப்புடையவர். அரை, கால், அரைக்கால், மாகாணி, காணி, முந்திரி என ஒவ்வொரு பின்னத்திற்கும் தனிப்பெயரும் குறியும் வைத்திருந்தனர். முந்திரி 320-இல் ஒரு பங்கு. பெயருடைய ஒன்று பொருளாகவே தோன்றும். இன்று 'ஒன்றின் கீழ் பதினாறு' என்று வாசிக்கும் பிள்ளைக்கு அது மேலொன்றும் கீழொன்றுமாகிய இரண்டு எண்களாகத் தோன்றுகின்றது. சந்தையில் தாயோடு அமர்ந்து கால் கிலோ, அரைக் கிலோ நிறுக்கும் அண்ணன், காலும் அரைக்காலும் சேர்ந்தால் எவ்வளவு என்றதற்கு, 375 கிராம் என்று தடையின்றிச் சொன்னான். அதே கணக்கை மேலும் கீழுமாக எழுதிக் காட்டியபோது, சிறுமம் பெருமம் தேடி, ஏட்டில் அரைப் பக்கம் நிரப்பினான்.

குறை எண்களில் இருவரும் ஒருநிலையினரே. மூன்றிலிருந்து ஏழைக் கழி என்றால் அண்ணன் முடியாது என்றான். தங்கை, "நாலு ரூபாய் கடன்" என்றாள். பிரமகுப்தர் 628-ஆம் ஆண்டில் இவ்வெண்களுக்கு விதி வகுத்தபோது தனம், ருணம், அதாவது பொருள், கடன் என்றே பெயரிட்டார் என்பதை அவள் அறியாள். ஆனால் கடனைக் கழித்தல் என்ற இடம் வந்ததும் அவளும் வாய் திறந்தாளில்லை. இது கற்பிக்கப்பட வேண்டியது, பக்குவத்தின் குறைவன்று.

இனி, எழுத்திற்கு வருவோம். இயற்கணிதத்திற்கு அட்சரகணிதம் என்றும் பீஜகணிதம் என்றும் முன்னாளில் வழங்கிய பெயர்கள் உண்டு. அட்சரம் என்ற பெயரே பிள்ளைகளுக்கு அச்சந்தரும் பகுதியைச் சுட்டிவிடுகின்றது. அந்த எழுத்து எதனைக் குறிக்கின்றது? 1970-களில் இங்கிலாந்தில் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்த கூச்மன் என்பவர், பதின்மூன்று முதல் பதினைந்து வயதினருட் பெரும்பாலோர் எழுத்தை எண்ணாகக் கொள்ளாது, பொருளாகவோ பொருளின் பெயர்ச் சுருக்கமாகவோ கொள்ளுகின்றனர் என்று கண்டார். 'மூன்று மாம்பழமும் இரண்டு வாழைப்பழமும் 3ம + 2வ' என்று எளிமைக்காகக் கற்பிக்கும் வழக்கம் இப்பிழைக்கு நீர் வார்க்கின்றது. ம என்பது மாம்பழம் அன்று. மாம்பழத்தின் விலையோ தொகையோ ஆதல் வேண்டும்.

இதனைச் சோதிக்க யான் கொடுத்த வினா: "ஒரு பள்ளியில் ஓர் ஆசிரியருக்கு ஆறு மாணாக்கர் வீதம் உளர். மாணாக்கர் தொகை ம, ஆசிரியர் தொகை ஆ எனின், சமன்பாடு எழுதுக." அண்ணன் ஆ = 6ம என்றெழுதினான். தங்கையும் அவ்வாறே எழுதினாள். உண்மை கூறின், நண்பர் இவ்வினாவை எனக்குக் கொடுத்தபோது யானும் அவ்வாறே எழுதினேன். ஓர் ஆசிரியரைச் சுற்றி அறுவர் அமர்ந்திருக்கும் காட்சியை அப்படியே எழுத்தில் வரைந்துவிட்டோம். எண்ணிக்கை அதிகமுள்ளவர் மாணாக்கர். ஆசிரியர் தொகையை ஆறால் பெருக்கினாலன்றி இருபுறமும் சமமாகா. ம = 6ஆ என்பதே சரி. இவ்வினாவின் ஆங்கில வடிவத்தை அமெரிக்காவில் பொறியியல் முதலாண்டு மாணாக்கரிடம் கேட்டபோது மூன்றில் ஒரு பங்கினருக்கு மேற்பட்டோர் பிழைத்தனர் என்று 1981-இல் வெளியான கட்டுரை கூறுகின்றது. எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

யான் வினாவின் சொற்களை மட்டும் மாற்றினேன். "மாணாக்கர் தொகை ஆசிரியர் தொகையைப்போல் ஆறு மடங்கு" என்றேன். உடனே அண்ணன் ம = 6ஆ என்று சரியாக எழுதினான். காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. தமிழ்ச் சொற்கள் நின்ற வரிசையிலேயே குறிகளை அடுக்கிவிட்டான். அவ்வரிசை தற்செயலாகச் சமன்பாட்டின் வரிசையோடு ஒத்துவிட்டது. முதல் வாக்கியம் அவனை வீழ்த்திற்று. இரண்டாவது அவன் குறையை மூடி மறைத்தது. பிள்ளையின் பக்குவத்தை அறிய வினாத்தாள் அமைப்போர் தம் வாக்கியத்தின் நடையிலும் கண் வைக்க வேண்டும் என்று யான் வற்புறுத்துவது இதனாலேயே.

தங்கை தன் பிழையைத் தானே கண்டாள். "இரண்டு ஆசிரியர் என்று வைத்துக்கொண்டால் மாணாக்கர் பன்னிரண்டு பேர். ஆறு பன்னிரண்டு எழுபத்திரண்டு. அது இரண்டுக்குச் சமம் இல்லையே!" என்று முணுமுணுத்து, எழுதியதை அடித்துவிட்டு மாற்றி எழுதினாள். எழுத்து எண்ணின் இடத்தில் நிற்பது, ஆதலால் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம் என்ற எண்ணம் அவளுக்கு ஒருவரும் சொல்லாமலே வந்தது. முதல் நாள் அவள் பதினொரு கணக்கோடு நின்றதன் காரணமும் இங்கே விளங்கிற்று. அத்தாளை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு கழித்தலின் பக்கத்திலும் சிறிய எழுத்தில் ஒரு கூட்டல் இருந்தது. அவள் சரிபார்த்துக்கொண்டே சென்றிருக்கின்றாள்.

பாஸ்கராசாரியர் 1150-ஆம் ஆண்டளவில் இயற்றிய பீஜகணிதத்தில் தெரியாத எண்களுக்கு யாவத்தாவத், காலகம், நீலகம், பீதகம் என்று பெயர்கள் வருகின்றன. முதலாவது 'எவ்வளவோ அவ்வளவு' எனப் பொருள்படும். ஏனையவை கருமை, நீலம், மஞ்சள் என்னும் நிறப்பெயர்கள். நிறத்திற்கும் எண்ணப்படும் பொருளுக்கும் தொடர்பில்லாமையால் மயக்கத்திற்கு இடமில்லை. டேக்கார்ட் 1637-இல் கையாண்ட x, y, z என்பனவும் இவ்வகையில் நல்லனவே. முதலில் நிறப்பெயரும் பின்பு x-உம் கற்பித்தால் எப்படியிருக்கும் என்று யான் எண்ணுவதுண்டு.

இவ்வளவில் யான் என் தீர்ப்பைத் தலைகீழாகத் திருப்பிவிடத் துணிந்தேன். பையன் அல்லன், பெண்ணே தக்கவள் என்று. அதனையும் தடுத்தது ஒரு தீக்குச்சிப் பெட்டி. குச்சிகளால் ஒரு சதுரம் செய்ய நான்கு வேண்டும், அதனை ஒட்டி இன்னொன்று செய்தால் ஏழு, மூன்றாவதோடு பத்து. நூறு சதுரத்திற்கு எத்தனை குச்சி வேண்டும்? தங்கை மும்மூன்றாகக் கூட்டிக்கொண்டே சென்று முப்பதாவது சதுரத்தின் அருகே களைத்துப்போனாள். அண்ணன் குச்சிகளைச் சிறிது நகர்த்தினான். "முதலில் ஒரு குச்சி நிற்கட்டும். பிறகு ஒவ்வொரு சதுரத்துக்கும் மூன்று மூன்று. முந்நூற்றொன்று, அண்ணா" என்றான். ஆயிரம் சதுரமாயின் என்றேன். மூவாயிரத்தொன்று என்றான். எத்தனையாயினும் செல்லும் விதி ஒன்றை அவன் கண்டுவிட்டான். சமக்குறியில் வீழ்ந்த அதே பிள்ளை!

ஆகவே பக்குவம் என்பது உண்டு இல்லை என்று கூறத்தக்க ஒரு வாசற்படியாக எனக்குத் தோன்றவில்லை. கலிபோர்னியா மாகாணத்தில் எட்டாம் வகுப்பினர் அனைவரும் இயற்கணிதத் தேர்வு எழுத வேண்டும் என்று 2008-இல் தீர்மானித்து, 2013-இல் அந்நோக்கத்தைக் கைவிட்டனர். அதே மாகாணத்துச் சான்பிரான்சிஸ்கோ நகரில் 2014-இல் இதனை ஒன்பதாம் வகுப்பிற்கு ஒத்திவைத்து, 2024-இல் மீண்டும் எட்டாம் வகுப்பிற்கே கொணரத் தீர்மானித்தனர். எல்லார்க்கும் ஒரு வயதைக் குறிக்க முற்படுவோர் இவ்வாறு அலைதல் இயல்பே. நம் நாட்டிலோ ஆறாம் வகுப்பிலேயே எழுத்துகள் பாடநூலில் வந்துவிடுகின்றன. எனவே தொடங்கலாமா என்பதினும், இப்பிள்ளைக்கு எந்த இடத்தில் வழுக்குகின்றது என்பதே நாம் கேட்கத்தக்க வினா. அதனை அறிய நாற்பது நிமிடமும் இருபது கணக்கும் வேண்டா. ஐந்தாறு வினாக்களும், ஒவ்வொன்றின் பின்னும் 'எப்படி?' என்று கேட்டுவிட்டுச் சும்மா இருக்கும் பொறுமையும் வேண்டும். சும்மா இருப்பதே எனக்குக் கடினமாக இருந்தது.

அண்ணனுடைய வழுக்கலுக்கு மருந்து அவன் வீட்டிலேயே இருந்தது. மின்தராசு வாங்காத அவன் தாயிடம் இன்னும் இரு தட்டுத் தராசுதான். ஒரு தட்டில் 8-உம் 4-உமாகிய கோலிக்குண்டுகள். மறு தட்டில் 5. முள் நடுவில் நிற்க இன்னும் எத்தனை வேண்டும்? அவன் சிரித்துவிட்டு ஏழைப் போட்டான். பின்னர்த் தாளில் எழுதிக் காட்டியபோது, "இது தராசா! முன்னமே சொல்லியிருக்கலாமே" என்றான். இரண்டு ஞாயிறுகளில் இருபுறமும் குண்டுகளை எடுத்தும் இட்டும் சமன்பாடுகளைத் தீர்க்கத் தொடங்கினான்.

தாயிடம் சென்று, யான் முன்பு சொன்னது பிழை என்றும், இருவருக்கும் இக்கணக்கு வரும் என்றும், தங்கைக்குக் குறை எண்களும் பின்ன விதிகளும் மட்டும் வேண்டும் என்றும் கூறினேன். அவர் தராசைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"முதல் மாதப் பணம் கட்டிவிட்டேன், தம்பி" என்றார்.

யான் வாளாவிருந்தேன்.

"அன்றைக்கு நீங்கள் பையனுக்குக் கட்டச் சொல்லிப் போன பிறகு அவள் சாப்பிடவில்லை. எனக்குக் கணக்கு வராதா அம்மா என்று கேட்டாள். பெரிய படிப்புப் படிக்கிறவர் சொல்கிறார் என்று நான்தான் சொல்லி வைத்தேன்."

அதன்பின் அவர் பேச்சை மாற்றி, வெண்டைக்காய் வேண்டுமா என்று கேட்டார்.

அடுத்த மாதம் முதல் இருவரும் தனி வகுப்பிற்குச் செல்லாது எம்மிடமே மாலை வகுப்பிற்கு வருகின்றனர். கணித நண்பரும் உடன் வருகின்றார். தங்கை முதலிரண்டு ஞாயிறுகள் பின்வரிசையில் அமர்ந்து, யான் கேட்டால் மட்டும் விடை கூறினாள். மூன்றாம் ஞாயிறு குறிப்பேட்டை என் முன் நீட்டினாள். அதில் 2x + 3 = x + 9 என்று எழுதி, அதன் கீழே ஒரு தராசு வரைந்திருந்தாள். "இதில் 3 கடனாக இருந்தால் தட்டில் எப்படி வைப்பது?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. நண்பரிடம் கேட்டுச் சொல்வதாகக் கூறியிருக்கின்றேன்.